வலி மாத்திரையே வலியாகும்போது: ஒற்றைத் தலைவலிக்கு மருந்து எடுக்கும் முறை

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவை அறியாதவர் இருக்க மாட்டார்கள். அந்தப் பூங்காவுக்குப் பெயர் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தயாரிக்கத் தொடங்கியவர். 1914-ல் அந்தத் தொழில் சென்னைக்கு வந்தது. பின்னர் மயிலாப்பூரிலேயே வேரூன்றியது. தலைவலி என்றதும் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு ஓரமாகப் படுத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் அவ்வளவு பழையது.

இன்று தைல டப்பாவோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கைப்பையில் ஒரு மாத்திரை அட்டை, அடுப்படி அலமாரியில் ஒன்று, கணவரின் சட்டைப் பையில் ஒன்று. தெருமுனை மருந்துக்கடையில் "தலைவலிக்கு ஒண்ணு குடுங்க" என்றால் போதும்.

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பே மாதம் இரண்டு முறை ஒரு பக்கத் தலைவலி வரும். ஒரு மாத்திரை போட்டால் போய்விடும். முப்பத்தைந்து வயதில் அது வாரம் இரண்டு முறை ஆனது. நாற்பதில் தினமும் காலையில் தலை பாரத்தோடுதான் எழுகிறார். தேநீரோடு ஒரு மாத்திரை, மாலையில் இன்னொன்று. மாத்திரை இல்லாவிட்டால் வேலை ஓடாது. "முன்பு ஒன்றில் கேட்டது, இப்போது இரண்டு போட்டாலும் கேட்பதில்லை" என்கிறார். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். தலைவலி சிகிச்சையில் தேர்ந்த நரம்பியல் மருத்துவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பழக்கமானது. அவர்கள் முதலில் சந்தேகப்படுவது அந்த மாத்திரைகளைத்தான்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் என்ன, அதிலிருந்து மீளும் வழி என்ன என்பதே இந்தப் பாடம்.

இது ஒற்றைத் தலைவலிதானா?

மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலிக்குச் சில அடையாளங்கள் உண்டு. மருந்து எடுக்காவிட்டால் வலி 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் வலிக்கும். நாடி துடிப்பதுபோல் விண் விண் என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால், குனிந்து நிமிர்ந்தால் கூடும். குமட்டலோ வாந்தியோ வரும். வெளிச்சமும் சத்தமும் தாங்காது. பெயர் ஒற்றைத் தலைவலி என்றாலும் சிலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும்.

சிலருக்கு வலி வருமுன் கண் முன்னே வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தெரியும். அல்லது கையும் முகமும் மரத்துப்போகும். மெல்லப் பரவி, 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும் இதற்கு 'ஆரா' என்று பெயர்.

இந்த நோய் அரிதானது அல்ல. கர்நாடகத்தில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பங்கேற்று வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2015-ல் வெளியானது. ஓராண்டில் நூற்றுக்கு 25 பேருக்கு ஒற்றைத் தலைவலி இருந்ததாக அது கூறியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது என்பதே உலகெங்கும் உள்ள அனுபவம்.

ஆனால் நம்மில் பலர் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். "எனக்கு சைனஸ்" என்பார்கள். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பியிருந்த 2,991 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு ஒற்றைத் தலைவலிக்குரிய அடையாளங்களே இருந்தன. மூக்கடைப்பும் கண்ணில் நீர் வடிவதும் ஒற்றைத் தலைவலியிலும் வரும் என்பதால் இந்தக் குழப்பம்.

"தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது" என்று நம் பெண்கள் சொல்வதையும் பல காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. மும்பையில் தலைவலிக்கென்றே கிளினிக் நடத்திவந்த நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். தலைக்குக் குளிப்பதால் ஒற்றைத் தலைவலி தூண்டப்பட்ட 94 நோயாளிகளைப் பற்றி 2006-ல் பன்னாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். மேலை நாட்டுப் பாடநூல்களில் இல்லாத தூண்டுதல் அது. நோயாளி சொல்வதைக் கேட்பதிலிருந்துதான் இந்தச் சிகிச்சை தொடங்குகிறது.

தலைக்குள் நடப்பது என்ன?

முகத்துக்கும் தலைக்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் முப்பெரு நரம்பு தூண்டப்படும்போது, மூளையைச் சுற்றிய உறையில் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதப்பொருள் சுரக்கிறது. அது இரத்தக் குழாய்களை விரிக்கிறது. வலிச் செய்தியைக் கூட்டி அனுப்புகிறது. இதைக் கண்டறிந்து புதிய மருந்துகளுக்கு வழி திறந்த நான்கு அறிஞர்களுக்கு 2021-ல் 'மூளைப் பரிசு' என்ற உயரிய விருது கிடைத்தது. ஆகவே ஒற்றைத் தலைவலி என்பது பாசாங்கோ பலவீனமோ அல்ல. வேலைக்குச் சோம்பல் படுவதற்குச் சொல்லும் சாக்கும் அல்ல. எளிதில் தூண்டப்படும் நரம்பு மண்டலத்தோடு பிறந்தவர்களுக்கு வரும் நோய். பல வீடுகளில் பாட்டி, தாய், மகள் என்று வழிவழியாக வருவதும் அதனால்தான்.

முதல் வகை மருந்து: வந்த வலியை அடக்க

ஒற்றைத் தலைவலிக்கு இரண்டு வகை மருந்துகள் உண்டு. ஒன்று, வலி வரும் நாளில் மட்டும் எடுப்பது. மற்றொன்று, வலி வராமல் தடுக்கத் தினமும் எடுப்பது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

வலி நாளில் எடுப்பவற்றில் பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், நேப்ராக்ஸன் முதலியவை எளிய வலி நீக்கிகள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஐபுப்ரோஃபென், நேப்ராக்ஸன் வகையைத் தாமாக எடுக்கக் கூடாது. குமட்டல் இருந்தால் வாந்தியை நிறுத்தும் மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள்.

இவற்றுக்குக் கேட்காத வலிக்கு சுமட்ரிப்டான், ரிசட்ரிப்டான் போன்ற 'டிரிப்டான்' வகை மருந்துகள் இருக்கின்றன. இவை ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவானவை. 1990-களின் தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் உள்ளன. ஆனால் மாரடைப்பு, நெஞ்சுவலி, பக்கவாதம் வந்தவர்களும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் இவற்றை எடுக்கக் கூடாது. மருத்துவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

எர்கோட்டமின், கஃபீன், பாரசிட்டமால் எல்லாம் சேர்ந்த கூட்டு மாத்திரையும் நம் ஊரில் பரவலாகப் புழங்குகிறது. எர்கோட்டமின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் அதைத் தொடவே கூடாது. டிரிப்டான் எடுத்த அன்றே எர்கோட்டமின் எடுப்பது ஆபத்து. இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும்.

எந்த மாத்திரையானாலும் நேரம் முக்கியம். ஒற்றைத் தலைவலியின்போது இரைப்பை மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை அங்கேயே தங்கிவிடும். ஆகவே பொறுத்துப் பொறுத்து, வாந்தி வந்த பிறகு போடுவதில் பயன் குறைவு. மருத்துவர் சொன்ன முழு அளவை வலியின் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். பாதி மாத்திரையாகக் கிள்ளிக் கிள்ளிப் போடுவதால் வலியும் அடங்காது, மாத்திரை எடுத்த நாட்களும் கூடும்.

மாத்திரையே வலியாவது எப்படி?

இனி அந்தத் தாயின் கதைக்கு வருவோம். வலி நீக்கியை அடிக்கடி எடுக்கும்போது, ஏற்கெனவே எளிதில் தூண்டப்படும் நரம்பு மண்டலம் இன்னும் கூர்மையாகிவிடுகிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் வலி திரும்புகிறது. திரும்பிய வலிக்கு இன்னொரு மாத்திரை. இந்தச் சுழலுக்கு 'மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி' என்று பெயர்.

பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற தனி வலி நீக்கிகள் என்றால் மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல். டிரிப்டான், எர்கோட்டமின், கூட்டு மாத்திரைகள், டிராமடால் போன்ற ஓபியாய்டு வகைகள் என்றால் 10 நாளே போதும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போனால், மாதத்தில் பாதி நாளாவது தலைவலி இருக்கும் நிலைக்கு மருந்தே காரணமாகிவிடலாம்.

இங்கே எண்ண வேண்டியது நாட்களை. ஒரே நாளில் இரண்டு மாத்திரை போட்டாலும் கணக்கு ஒரு நாள்தான். வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் எல்லைக்குள் இருப்பீர்கள்.

மீள வழி இருக்கிறது. மிகையாகிவிட்ட மருந்தை மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். கூடவே தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். நிறுத்திய முதல் சில நாட்களில், சிலருக்குப் பத்து நாள் வரையிலும், வலி கூடும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும். பலர் இந்தக் கட்டத்தில்தான் மனம் தளர்ந்து பழைய மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். இதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு மாதங்களில் தலை தெளிகிறது. ஓபியாய்டு வகையையும் தூக்க மாத்திரையையும் நெடுநாள் எடுத்தவர்கள் மட்டும் திடீரென்று தாமாக நிறுத்தக் கூடாது.

இரண்டாம் வகை மருந்து: வலி வராமல் தடுக்க

மாதத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ தலைவலி வந்து வேலையைக் கெடுத்தால், தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். இந்த மருந்துகள் பலவும் வேறு நோய்க்காக வந்தவை. அதனால் அட்டையைப் பார்த்து, "இது பிரஷர் மாத்திரையாயிற்றே", "இது வலிப்பு மாத்திரையாயிற்றே", "மனநோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்களே" என்று அஞ்சி நிறுத்திவிடுகிறார்கள். அஞ்ச வேண்டாம். ஒற்றைத் தலைவலியைக் குறைக்கும் என்று நன்கு ஆராய்ந்துதான் தருகிறார்கள்.

ப்ரோப்ரனோலால் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படுவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது; திடீரென்று நிறுத்தவும் கூடாது. இதை எடுப்பவர்களுக்கு ரிசட்ரிப்டானின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், எடுக்கும் எல்லா மாத்திரையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்தது. குறைந்த அளவில் இரவில் எடுப்பார்கள். தூக்கம் வரும், வாய் உலரும், எடை கூடலாம்.

டோபிரமேட் வலிப்புக்கு வந்தது. எடை குறையும், விரல் நுனி குறுகுறுக்கும், சிலருக்குச் சொல் நினைவுக்கு வரத் தாமதமாகும். சிறுநீரகக் கல் வர வாய்ப்பு உண்டு என்பதால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஃப்ளூனாரிசின் நம் நாட்டில் அதிகம் எழுதப்படுகிறது. தூக்கக் கலக்கமும் எடை கூடுதலும் வரும். மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் நடுக்கம் உள்ள முதியவர்களுக்கும் பொருந்தாது.

இவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். சரியான அளவை எட்டி இரண்டு மூன்று மாதம் எடுத்த பிறகே பலன் தெரியும். "பத்து நாள் போட்டேன், கேட்கவில்லை" என்பது நியாயமான சோதனை ஆகாது. தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே வெற்றி என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பலன் கிடைத்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைப்பார்கள். வாழ்நாள் முழுவதும் என்று நினைத்து மலைக்க வேண்டியதில்லை.

மாதத்தில் 15 நாளுக்கு மேல் தலைவலி என்ற நாட்பட்ட நிலைக்கு, 12 வாரத்துக்கு ஒருமுறை நெற்றியிலும் தலையிலும் கழுத்திலும் போடும் போட்டுலினம் ஊசி உண்டு. சி.ஜி.ஆர்.பி.யையே தடுக்கும் ஊசிகள் 2018 முதல் வந்துள்ளன. இவை விலை அதிகமானவை. அவற்றுக்காகக் கடன் வாங்குமுன், விலை குறைந்த பழைய மருந்துகளை முறையாக எடுத்துப் பார்த்தோமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் வால்ப்ரோயேட், கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் பாதிப்பை உண்டாக்கக்கூடியது. டோபிரமேட்டும் அப்படியே. கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்கள், திருமணம் நிச்சயமான மகள் உட்பட, மருந்து தொடங்குமுன் இதை மருத்துவரிடம் தயங்காமல் பேச வேண்டும். ஏற்கெனவே எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் உடனே ஆலோசனை பெற வேண்டும்.

கர்ப்பக் காலத்தில் தலைவலிக்கு முதல் தேர்வு பாரசிட்டமால். ஐபுப்ரோஃபென் வகையைக் கடைசி மூன்று மாதங்களில் எடுக்கவே கூடாது. ஆரா உள்ள ஒற்றைத் தலைவலிக்காரர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். பக்கவாத ஆபத்து கூடுகிறது.

ரமலான் மாதத்தில்

பசி, தாகம், தூக்கம் குறைதல், வழக்கமான தேநீர் தவறுதல் ஆகிய நான்கும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டுபவை. நோன்பில் நான்கும் ஒன்றாக வருகின்றன. ஒற்றைத் தலைவலி உள்ள 32 நோன்பாளிகளைப் பற்றி 2010-ல் வெளியான சிறிய ஆய்வில், மற்ற மாதத்தில் சராசரியாக 4 நாளுக்கும் குறைவாக இருந்த தலைவலி ரமலானில் 9 நாளைத் தாண்டியது.

ஆகவே நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தினசரி மருந்துகள் பலவற்றை இரவு ஒரு வேளையாக மாற்றிக்கொள்ள முடியும். தேநீரையும் காபியையும் இரண்டு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் குறையுங்கள். சஹரைத் தவறவிடாதீர்கள். இஃப்தார் முதல் சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள்; டோபிரமேட் எடுப்பவர்களுக்கு இது கட்டாயம். இஃப்தாருக்குப் பின் தினமும் ஒரு வலி மாத்திரை என்ற பழக்கத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். முப்பது நாளில் அந்தச் சுழலுக்குள் விழுந்துவிடலாம்.

அப்படியும் வலி தாங்க முடியாத நிலை வந்தால், நோயாளிகள் பிறகு நோற்க மார்க்கத்தில் சலுகை இருப்பதை நாம் அறிவோம். உங்கள் நிலைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்வதோடு ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். வலியை மறைத்து வாந்தியோடு துவண்டு கிடக்க வேண்டியதில்லை.

எங்கே போவது, எதைக் கொண்டு போவது?

முதலில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காட்டலாம். பெரும்பாலோருக்கு அங்கேயே சிகிச்சை அமைந்துவிடும். கேட்காவிட்டால் நரம்பியல் பிரிவு: அண்ணா சாலை ஓமந்தூரார் வளாகத்தில் 2014-ல் திறக்கப்பட்ட அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகியவற்றில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் எழுதப்படும் மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். வெளியே வாங்க நேர்ந்தால் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் விலை குறைவு.

கையில் கொண்டு போக வேண்டியது ஸ்கேன் அல்ல. பரிசோதனையில் கோளாறு தெரியாத, நெடுநாளாக ஒரே மாதிரி வரும் ஒற்றைத் தலைவலிக்குப் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. கொண்டு போக வேண்டியது ஒரு காலண்டர். வீட்டுச் சுவரில் தொங்கும் தொழுகை நேரக் காலண்டரே போதும். தலைவலி வந்த நாளில் 'வ' என்றும், மாத்திரை போட்ட நாளில் 'ம' என்றும், மாதவிடாய் நாளில் ஒரு புள்ளியும் குறித்து வாருங்கள். இரண்டு மாதக் குறிப்பு இருந்தால் மருத்துவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். "மாதத்தில் எத்தனை நாள் தலை முழுத் தெளிவாக இருக்கிறது?" என்று அவர் கேட்பார். அந்தத் தாய் ஒருபோதும் எண்ணிப் பார்க்காத கணக்கு அதுதான்.

உடனே மருத்துவமனைக்கு

இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் வலி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி. கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை இழப்பு, நினைவு தடுமாற்றம். தலையில் அடிபட்ட பின் வரும் வலி. ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வலி. கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பின்போ புதிதாக வரும் கடும் வலி. இவற்றில் எதுவானாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். அவசரமென்றால் 108-ஐ அழையுங்கள்.

வீட்டாருக்கு

நோயாளி இருட்டறையில் படுத்திருக்கும்போது ஓசையைக் குறையுங்கள். அத்தரும் சாம்பிராணியும் அன்று வேண்டாம். வாசனையும் வலியைக் கூட்டும். மாத்திரையை நிறுத்தும் அந்தப் பத்து நாட்களில் சமையலையும் பிள்ளைகளையும் வேறொருவர் பார்த்துக்கொண்டால், அது எந்த மருந்துக்கும் குறையாத உதவி. "மறுபடியும் தலைவலியா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "இந்த மாதம் எத்தனை 'ம' ஆச்சு?" என்று கேளுங்கள்.

பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ள

1. உங்கள் வீட்டில் மாதம் பத்து நாளுக்கு மேல் வலி மாத்திரை எடுப்பவர் யார்?
2. அவர் எடுப்பது தனி மாத்திரையா, கூட்டு மாத்திரையா? அட்டையின் பின்புறம் படித்துப் பாருங்கள்.
3. தடுப்பு மருந்து பற்றி இதுவரை மருத்துவரிடம் கேட்டதுண்டா?
4. காலண்டரில் குறிக்க இன்று தொடங்குவீர்களா?

முதல் கேள்விக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தால், இந்தப் பக்கத்தை இன்றே அவர் கையில் கொடுங்கள்.